கத்தியும் கனலும்: மார்பகச் சத்திரசிகிச்சையிற் குருதியிழப்பின் வரலாறு

1811 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 30 ஆம் நாள் பாரிஸ் நகரிலே ஆங்கில நாவலாசிரியை பானி பேர்ணியின் வலது மார்பகம் அகற்றப்பட்டது. கத்தியைப் பிடித்தவர் நெப்போலியனின் படைகளிற் பெரும்புகழ் ஈட்டிய சத்திரவைத்தியர் டொமினிக் லாறே. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. முகத்தின் மேல் விரித்த மெல்லிய துணியொன்றே நோயாளியின் கண்ணுக்கும் கத்திக்கும் இடையே நின்ற திரை. பின்னர் தம் சகோதரி எஸ்தருக்கு எழுதிய நெடுங்கடிதத்திலே, அறுத்தலும் கட்டுப்போடுதலும் சேர்ந்து இருபது நிமிடம் நீடித்ததென அவர் குறித்தார். அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1840 இல் தமது 87 ஆம் வயதிற் காலமானார். அக்கடிதம் வேதனையின் ஆவணமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றது. சத்திரசிகிச்சையின் வரலாற்றை நோக்குவோருக்கோ அது விரைவின் ஆவணமுமாகும். லாறே விரைந்தது நோவைச் சுருக்குவதற்கு மட்டுமன்று. குருதி ஓடும் நேரத்தைச் சுருக்குவதற்குமாம். அக்காலத்துச் சத்திரவைத்தியருக்குக் குருதியை அடக்க வாய்த்த சாதனங்களுள் வேகமே முதன்மையானது.

வேகத்தினும் பழமையான சாதனம் நெருப்பு. கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலிரு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அலெக்சாந்திரியா நகரத்து லியொனிடீஸ், மார்பகக் கட்டியை அகற்றும் முறையைத் தெளிவாக விவரித்துள்ளார். அவரது விவரணம் ஆறாம் நூற்றாண்டினரான ஏற்றியஸ் என்பவரின் தொகுப்பின் வழியாகவே எமக்குக் கிட்டியுள்ளது. கட்டிக்குப் புறத்தேயுள்ள நல்ல தசையிற் கீறுதல், குருதி நிற்குமட்டும் சூட்டுக்கோலாற் சுடுதல், மீண்டும் கீறுதல், மீண்டும் சுடுதல் என்பதே அம்முறை. அறுத்தலும் சுடுதலும் மருத்துவனின் இரு கைகள் போலச் சேர்ந்தே இயங்கியமையைத் தமிழ் மரபும் அறியும். குலசேகராழ்வார், துன்புறுத்தும் மருத்துவனிடத்தும் நோயாளன் கொள்ளும் நீங்காத அன்பைத் தம் பாசுரமொன்றில் உவமையாக்கிய போது, அம்மருத்துவனுக்கு அவ்விரு தொழில்களையுமே அளித்தார். கொர்டோவா நகரத்து அல் சஹ்ராவியின் நூலிலே சூட்டுக்கோல்களின் வடிவங்கள் விரிவாக இடம்பெற்றன. 1552 இல் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறோய்ஸ் பரே, துண்டித்த காலின் நாடிகளைச் சுடாமல் நூலாற் கட்டிக் காட்டிய பின்னர் சூட்டுக்கோலின் ஆட்சி தளரத் தொடங்கிற்று. சுட்ட புண் ஆறத் தாமதிக்கும், சீழ் பிடிக்கும், நூற்கட்டோ சுற்றியுள்ள இழையத்தைக் கெடுப்பதில்லை. நெருப்பு மின்சாரத்தின் உருவில் மீண்டு வந்தபோது, நானூறாண்டு பழைய இக்குறைபாடும் அதனுடன் கூடவே வந்தது.

1846 இல் பொஸ்ரன் நகரில் ஈதர் பயனுக்கு வந்தது. 1867 இல் லிஸ்ரர் தமது அழுகலெதிர்ப்பு முறையை வெளியிட்டார். விரைய வேண்டிய கட்டாயம் நீங்கியதும் சத்திரவைத்தியர் ஆழமாகவும் அகலமாகவும் அறுக்கத் துணிந்தனர். அத்துணிவின் உச்சத்தை மார்பகத்திற் காட்டியவர் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட். 1889 முதல் 1894 வரை தாம் செய்த 50 சிகிச்சைகளின் பேறுகளை 1894 இல் அவர் வெளியிட்டார். மார்பகம், அதன் கீழுள்ள பெரிய நெஞ்சுத்தசை, அக்குளின் நிணநீர்க்கணுக்கள் ஆகிய யாவும் ஒரே திரளாக அகற்றப்பட்டன. அதே இடத்திற் புற்றுநோய் மீண்டும் தோன்றுதல் முன்னைய வைத்தியர்களின் பேறுகளோடு ஒப்பிடுகையில் வியக்கத்தக்க அளவு குறைந்திருந்தது. ஆனால் இவ்வளவு அகன்ற வெட்டுக்கு உட்பட்ட நோயாளி குருதியிழந்து மாளாதிருந்தது எங்ஙனம்?

இவ்விடத்தில் உடலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். மார்பகத்துக்குக் குருதி இரு திசைகளிலிருந்து வருகின்றது. நெஞ்சென்பின் ஓரமாக இறங்கும் உள்நாடியின் கிளைகள் விலாவிடைகளைத் துளைத்துக்கொண்டு முன்னே வருகின்றன. அக்குளின் பெருநாடியிலிருந்து வேறு சில கிளைகள் பக்கவாட்டாக வருகின்றன. துளைத்து வரும் கிளைகளே தொல்லை மிக்கவை. பிடிக்குமுன் அறுபட்டால் அவை தசைக்குள் சுருங்கி மறைந்து விடும். மறைந்த இடத்திலிருந்து குருதி பெருகும். அவற்றைத் தேடி நெஞ்சறையின் சுவரிலே கண்மூடித்தனமாக இடுக்கியைச் செலுத்துவதும் ஆபத்தானது. ஹால்ஸ்டெட்டின் விடை பொறுமையே. ஒவ்வொரு குருதிக்கலனையும் நுண்ணிய இடுக்கியாற் பிடித்து, மெல்லிய பட்டு நூலாற் கட்டி, இழையத்தை நசுக்காமல், மணிக்கணக்காக அவர் இயங்கினார். லாறேயின் இருபது நிமிடத்துக்கு நேரெதிரான ஒழுக்கம் இது. ஹால்ஸ்டெட்டின் உண்மையான சாதனை பெருவெட்டு அன்று, குருதியை மதித்த அப்பொறுமையே எனக் கூறினும் தவறாகாது.

ஆயினும் இழந்த குருதி எவ்வளவு என்று எவரும் நெடுங்காலம் அளந்தாரல்லர். கண்மதிப்பே அளவாயிருந்தது, கண்மதிப்போ பெரும்பாலும் குறைவாகவே மதிக்கும். 1924 இல் கச், லிற்றில் என்னும் இரு அமெரிக்கர், சத்திரசிகிச்சையிற் பயன்பட்ட துணிகளைக் கழுவி அந்நீரின் குருதிச் சாயத்தை அளந்து, வழக்கமான சிகிச்சைகளில் இழக்கப்படும் குருதியைக் கணித்து வெளியிட்டனர். பிற்காலத்தில் துணியை நிறுத்துப் பார்க்கும் எளிய முறை பரவிற்று. ஒரு கிராம் கூடுதல் நிறை ஒரு மில்லிலீற்றர் குருதி எனக் கொள்ளப்பட்டது. ஒரு கருவி மற்றொன்றினும் சிறந்தது என்று கூறுவதற்கு இவ்வளவீடு முன்தேவை. ஒப்பீட்டு ஆய்வுகள் யாவும் இத்தராசின் மீதே நிற்கின்றன.

மின்சாரம் முதலில் வெறும் சூடேற்றியாகவே சத்திரசிகிச்சையுள் நுழைந்தது. 1854 இல் பிரெஸ்லாவ் நகரத்து மிடல்டோவ், மின்னோட்டத்தாற் செந்தணலாக்கிய கம்பியைப் பயன்படுத்தும் முறை பற்றி நூலொன்றை வெளியிட்டார். இங்கு மின்னோட்டம் கம்பிக்குள் மட்டுமே ஓடுகின்றது. நோயாளியின் உடலுக்குள் நுழைவதில்லை. பழைய சூட்டுக்கோலுக்கு அடுப்பின்றி ஒரு நெருப்பு, அவ்வளவே. முற்றிலும் வேறான வழியைத் திறந்தது 1891 இல் பாரிஸ் நகரிலே டார்சொன்வால் என்பவர் கண்ட உண்மை. ஆடலோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 10,000 சுற்றுகளைத் தாண்டும்போது அது உடலினூடு சென்றும் தசையைத் துடிக்கச் செய்வதில்லை, நரம்பை உலுக்குவதில்லை. இழையத்தைச் சூடாக்க மட்டுமே செய்கின்றது. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டது. இதயத்தை நிறுத்த அது போதும். இக்காலச் சத்திரசிகிச்சைக் கருவிகள் இலட்சக்கணக்கான சுற்றுகளில் இயங்குவதாலேயே நோயாளி காப்பாற்றப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிற் பாரிஸ் நகரத்துப் பொசி, டொயன் ஆகியோரும், 1910 இற் சிறுநீர்ப்பைக் கட்டிகளை இம்முறையாற் சுட்டழித்த நியூயோர்க் நகரத்து எட்வின் பியரும் இதனைப் பயன்படுத்தினர். ஆனால் இவை யாவும் சுடுதலே. கத்தியின் பணியை மின்சாரம் இன்னும் ஏற்கவில்லை எனலாம்.

அப்பணியைப் பொதுச் சத்திரசிகிச்சைக்குக் கொணர்ந்த கருவியை ஆக்கியவர் வைத்தியரல்லர். வில்லியம் போவி ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தாவர உடற்றொழிலியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். புற்றுநோய் ஆய்வுக்காகக் கருவிகள் செய்து வந்தார். அவரது கருவியில் இரு சுற்றுகள் இருந்தன. ஒன்று வெட்டுவதற்கு, மற்றையது குருதியை உறையச் செய்வதற்கு. அதனைக் கையிலெடுத்தவர் மூளைச் சத்திரசிகிச்சையின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் ஹாவி குஷிங். அவர் ஹால்ஸ்டெட்டிடம் பயின்றவர் என்பது இங்கு மனங்கொள்ளற்பாலது. குருதியை அஞ்சும் பண்பு குருவழி வந்தது. நாடிகளைக் கவ்வும் சிறு வெள்ளிக் கவ்விகளை 1911 இலேயே அவர் அறிமுகஞ் செய்திருந்தார். பொஸ்ரன் நகரத்துப் பீற்றர் பென்ற் பிறிகம் வைத்தியசாலையிலே, 1926 ஒக்ரோபர் 1 ஆம் நாள், தலையிற் குருதிக்கலன்கள் செறிந்து வளர்ந்திருந்த கட்டியொன்றைப் போவியின் கருவியால் அவர் அகற்றினார். குருதிப்பெருக்கை அடக்க முடியாது மூன்று நாட்களுக்கு முன் அரைகுறையாய்க் கைவிடப்பட்ட சிகிச்சை அது. தமது 57 ஆம் வயதிற் குஷிங் தம் தொழிலைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார். அகற்ற முடியாதவையென முன்பு கைவிட்ட கட்டிகளுடைய நோயாளரை மீண்டும் அழைத்தார். ஹால்ஸ்டெட் இதனைக் காணவில்லை. 1922 இலேயே அவர் மறைந்து விட்டார். போவிக்கோ ஹாவாட்டில் நிலையான பதவி கிட்டவில்லை. காப்புரிமையை ஒரு டொலருக்கு அவர் கையளித்தார் என்பர். அமெரிக்கச் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இன்றும் அக்கருவிக்கு அவர் பெயரே வழங்குகின்றது. பிரித்தானிய மருத்துவ மரபைத் தழுவிய இலங்கை வைத்தியசாலைகளில் அதன் பெயர் டயதேமி.

இக்கருவி ஒன்றே எங்ஙனம் வெட்டவும் உறையச் செய்யவும் வல்லதாகின்றது? கையிலுள்ள மின்வாயின் முனை மிகச் சிறியது. நோயாளியின் தொடையிற் பதித்த மீள்தகடு அகன்றது. ஒரே மின்னோட்டம் சிறு முனையிற் செறிந்து கொதிக்கச் செய்கின்றது. அகன்ற தகட்டிற் பரந்து தீங்கின்றி வெளியேறுகின்றது. ஓட்டம் இடையறாது பாயுமாயின் கலங்களினுள் நீர் 100 பாகையைக் கடந்து ஆவியாக, கலங்கள் வெடித்துப் பிரிகின்றன, இது வெட்டு. ஓட்டம் விட்டுவிட்டு வருமாயின் இழையம் மெல்லச் சூடேறி, நீர் வற்றிப் புரதம் உறைகின்றது. முட்டையின் வெண்கரு வேகுதல் போன்றது இது. வெட்டும் ஓட்டம் துப்புரவாகப் பிரிக்கும், ஆனால் குருதியை அவ்வளவாக நிறுத்தாது. உறையச் செய்யும் ஓட்டம் குருதியை நிறுத்தும், ஆனால் சுற்றுப்புறத்தையும் வேகவைக்கும். இரண்டையும் கலந்த ஓட்டமும் உண்டு. மின் முறைகளை ஒப்பிடுதல் என்பது அடிப்படையில் இக்கலவையை ஒப்பிடுதலே.

மூளையிற் புரட்சி செய்த கருவி மார்பகத்தில் உடனே இடம்பிடிக்கவில்லை. முதற் தடை ஈதர். அதன் ஆவி எரிவது. மின்வாயோ பொறி கக்குவது. நெற்றியெலும்பின் காற்றறையைத் திறந்த வேளையில் நீலச்சுவாலை எழுந்ததையும், உலோகக் கருவியினூடாகத் தம் கைக்கே மின்னதிர்ச்சி ஏறியதையும் குஷிங் தாமே பதிவு செய்துள்ளார். 1956 இல் மான்செஸ்ரர் நகரில் எரியாத மயக்க மருந்தாகிய ஹலோத்தேன் நடைமுறைக்கு வந்த பின்னரே இவ்வச்சம் தணியத் தொடங்கிற்று. இரண்டாவது தடை மீள்தகட்டின் கீழ் நேர்ந்த தீக்காயங்கள். நிலத்தொடர்பிலிருந்து பிரிக்கப்பட்ட மின்னாக்கிகள் 1970 களிற் பரவியதும் இவையும் பெரிதும் குறைந்தன. இரு முனைகளும் ஒரே இடுக்கியில் அமைந்து, அவற்றிடையே உள்ள இழையத்தினூடு மட்டும் மின் ஓடும் இருமுனை முறையை 1940 இல் கிறீன்வூட்டும் பின்னர் மாலிசும் மூளைச் சத்திரசிகிச்சைக்காக வளர்த்தனர். மார்பகத்துக்கு அது பிந்தியே வந்தது.

1970 இல் ககோஸ், ஜேம்ஸ் என்னும் இரு அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஹால்ஸ்டெட்டின் பெருவெட்டை இம்முறையாற் செய்வது குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் தலைப்பிலே ‘குருதியற்ற’ என்னும் சொல்லை அவர்கள் மேற்கோட் குறிக்குள் இட்டமை அவர்தம் நேர்மையைக் காட்டும். 1988 இல் மில்லரும் அவர் தோழரும் கத்தியையும் மின்முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, குருதியிழப்பு மின்முறையிற் குறைவென்றும் புண்ணின் சிக்கல்களில் வேறுபாடில்லையென்றும் கண்டனர். பத்தாண்டு கழித்து, 1998 இல், போட்டரும் அவர் குழுவினரும் நடத்திய ஒப்பீட்டின் விடை அவ்வளவு இனிதன்று. குருதியிழப்பு மின்முறையிற் குறைந்தது உண்மையே. ஆனால் தோலின் கீழ் ஊனீர் தேங்கும் சிக்கல், கத்தியாற் செய்யப்பட்டோருள் 13 வீதத்தினருக்கு ஏற்பட, மின்முறையாற் செய்யப்பட்டோருள் 38 வீதத்தினருக்கு ஏற்பட்டது. மேசையிற் சேமித்த குருதிக்கு நோயாளி பின்னர் வேறு நாணயத்தில் விலை செலுத்தினார்! ஊனீர்த் தேக்கம் உயிரை வாங்குவதன்று. ஆயினும் ஊசியால் மீண்டும் மீண்டும் நீரை இறைக்க வேண்டும், புண் ஆறுதல் பிந்தும், தொற்று நேரலாம். கதிர்ச் சிகிச்சையோ மருந்துச் சிகிச்சையோ காத்திருக்கும் பெண்ணுக்கு அத்தாமதம் சிறிதன்று.

(இவ்வாய்வுகளை வாசிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: மிடல்டோவின் சூட்டுக்கம்பிக்கு உரிய பெயரையே போவியின் கருவிக்கும் இட்டு எழுதும் வழக்கம் ஆங்கில மருத்துவ ஏடுகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. பெயர் ஒன்றாயினும் கருவிகள் இரண்டு.)

ஊனீர் ஏன் தேங்குகின்றது என்பதற்கு முழு விடை எளிதன்று. எனினும் சில காரணங்கள் தெளிவானவை. சூடு குருதிக்கலனை மூடுமளவுக்கு நிணநீர்க்கலனை மூடுவதில்லை. குருதியைப் போல நிணநீர் எளிதில் உறைந்து அடைத்துக்கொள்வதுமில்லை. அக்குளில் நிணநீர்க்கணுக்களை அகற்றும்போது அறுபடும் எண்ணற்ற நுண்கலன்கள் கசிந்துகொண்டேயிருக்கும். மேலும், மார்பகத்தின் மேற்றோலை மெல்லிய மடலாகப் பிரிக்கும்போது அம்மடலை வாழவைப்பவை தோலடி நுண்குருதிக்கலன்களே. மின்வாயின் வெப்பம் அவற்றையும் அடைத்து விடின் கொழுப்பு மடிந்து நீராகக் கசியும். சிலவேளை தோலே கருகும். வெட்டுகின்ற அதே சூடு ஆறுதலையும் சுடுகின்றது.

வேறொரு விலையும் இருந்தது. மார்பகப் புற்றுக்கலங்களில் ஈஸ்ரஜன் வாங்கி எனப்படும் புரதம் உளதா இலதா என்பதைக் கொண்டே இயக்குநீர்ச் சிகிச்சை பயன்படுமா என்று தீர்மானிக்கப்படுகின்றது. இழையத்தை அரைத்து இரசாயன முறையால் இப்புரதம் அளக்கப்பட்ட 1970 களிலும் 1980 களிலும், மின்வாயின் வெப்பம் அதனைச் சிதைத்து அளவைப் பிழையாக்கக்கூடும் என்பது உணரப்பட்டது. கட்டியின் விளிம்பு கருகினால், அவ்விளிம்பிற் புற்றுக்கலம் எஞ்சியதா என்று நுணுக்குக்காட்டியிற் காண்பதும் கடினம். எனவே கட்டியை மாத்திரம் அகற்றும் சிகிச்சையில் அதனைச் சுற்றிக் கத்தியையே பயன்படுத்தும்படி பலர் வற்புறுத்தினர். குருதி சிந்தாமை மட்டுமே நோக்கமாயின் தேவைப்படாத ஒரு தயக்கம் இது. நோயாளியின் பிற்காலம் நோக்கமாகும்போது இன்றியமையாதது.

இனி, குருதியிழப்பை உள்ளபடியே பெரிதுங் குறைத்தது எது என்னும் வினா எழுகின்றது. கருவிகளின் வரலாற்றை மட்டும் வாசிப்போர் மின்சாரம் என்றே விடையிறுப்பர். அது பாதி உண்மை. இலண்டன் சென் பாத்தலொமியு வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜெப்றி கெயின்ஸ், பொருளியலாளர் கெயின்சின் தம்பி, 1922 இற் குருதி ஏற்றுதல் பற்றி நூலெழுதியவர். குருதியின் அருமையை அவரினும் நன்கறிந்தோர் அக்காலத்தில் அரியர். அவரே 1920 களில் ஹால்ஸ்டெட்டின் பெருவெட்டை விலக்கி, ரேடியம் ஊசிகளோடு சிறிய வெட்டு மட்டும் செய்யத் தொடங்கினார். 1937 இல் தம் பேறுகளை வெளியிட்டார். பெருவெட்டுக்காரர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1948 இல் மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் பேற்றியும் டைசனும் பெரிய நெஞ்சுத்தசையை விட்டுவைத்தும் ஒத்த பேறு பெறலாம் எனக் காட்டினர். 1971 இல் அமெரிக்காவிற் பேர்ணாட் பிஷர் தொடங்கிய பெருஞ்சோதனை, பெருவெட்டு ஆயுளை நீட்டுவதில்லை என நிறுவியது. இருபத்தைந்து ஆண்டுப் பேறுகள் 2002 இல் வெளிவந்தபோதும் முடிவு மாறவில்லை. மிலான் நகரிலே வெறொனேசி 1973 இல் தொடங்கி 1981 இல் வெளியிட்ட சோதனையும், பிஷர் 1985 இல் வெளியிட்ட மற்றொன்றும், தக்க நோயாளரிடத்து மார்பகத்தையே அகற்றாமற் கதிர்ச் சிகிச்சையோடு காக்கலாம் என்று காட்டின. அறுபடாத தசையிலிருந்து குருதி ஓடுவதில்லை. 1990 களில் அக்குளின் முதற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை வந்ததும் நிணநீர்க் கசிவும் பலருக்குக் குறைந்தது.

குருதியை அடக்கும் கலை வளர வளரப் பெருவெட்டு பாதுகாப்பாயிற்று. பாதுகாப்பாகிய காரணத்தாலேயே அது வேண்டுமா என்னும் கேள்வி பிற்போடப்பட்டது என ஐயுற இடமுண்டு. ஹால்ஸ்டெட்டின் 50 நோயாளரில் ஐவரிலொருவர் மேசையிலேயே மாண்டிருந்தால், கெயின்சுக்கு முன்பே எவரேனும் சிறிதாக வெட்டிப் பார்த்திருப்பர் அல்லவா?

கருவிகளின் போட்டியோ ஓயவில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 55,500 தடவை அதிரும் கழியொலிக் கத்தி 1990 களிற் பரவிற்று. அதில் மின்னோட்டம் உடலுக்குள் செல்வதில்லை. அதிர்வின் உராய்வாலே புரதம் உறைகின்றது. எழும் வெப்பமும் மின்வாயினதைவிடக் குறைவு. டெல்லியைச் சேர்ந்த டியோவும் சுக்லாவும் 2000 இல் மார்பக நீக்கத்துக்கு இதன் பயனை எடுத்துரைத்தனர். கராச்சியிற் செய்யப்பட்டு 2014 இல் வெளிவந்த ஒப்பீடு, மின்வாயினும் இதிற் குருதியிழப்பும் வடிநீரும் ஊனீர்த் தேக்கமும் குறைவெனக் கண்டது. இடுக்கியின் இரு தாடைகளிடையே குருதிக்கலனை அழுத்தி ஒட்டவைக்கும் இருமுனைக் கருவிகளும், நுண்துடிப்புகளாகப் பாய்ந்து குறைந்த வெப்பத்தில் வெட்டும் பிளாஸ்மாக் கத்திகளும் உடன் வந்துள்ளன. இவற்றின் நுனிப்பகுதிகள் விலை மிக்கவை. பல ஒருமுறைப் பாவனைக்கே உரியவை. செல்வம் குன்றிய வைத்தியசாலைகளிற் போவியின் வழிவந்த பழைய கருவியே நின்று நிலவுகின்றது. அதனைக் கையாள்வோருள் தேர்ந்தவர்கள் தோலைக் கத்தியாற் கீறுகின்றனர். மடலைப் பிரிக்கும்போது மின்வலுவைத் தாழ்த்திக்கொள்கின்றனர். விலாவிடையைத் துளைத்து வரும் கிளைகளை, அவை அறுபட்டு உள்ளே சுருங்குமுன், கண்டு பிடித்து உறையச் செய்கின்றனர். அக்குளை அடைந்து, தோளெலும்பை நெஞ்சோடு இருத்தும் தசையின் நெடுநரம்பு கண்ணுக்குத் தென்பட்டதும், மின்வாயை வைத்துவிட்டு நூலைக் கையில் எடுக்கின்றனர்.